பத்து நிமிடம் சூடு, அப்புறம் வெறும் காற்று

வீட்டுச் சாதனங்கள்: கேள்வி-பதில்

வட அமெரிக்காவில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு டிரையர் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இம்முறை கேஸில் ஓடும் டிரையர் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அநேகமாக எல்லோரும் எழுதுவது ஒரே வரிதான்: ‘டிரம் சுற்றுகிறது, சூடு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.’ வரி ஒன்றாக இருந்தாலும் காரணம் வீட்டுக்கு வீடு வேறு. சூடு எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது, நின்ற பிறகு திரும்ப வருகிறதா என்ற இரண்டையும் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். கவனிக்காமல் பாகங்களை வாங்கி மாற்றிக்கொண்டே போவதில்தான் பலருடைய பணம் கரைகிறது. அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ஓடும் கேஸ் டிரையர். போட்டதும் நன்றாகச் சூடாகிறது. பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி பத்து நிமிடம் சூடு. போனில் விசாரித்ததில் இக்னைட்டர் போயிருக்கும் என்றார்கள். என் கணவர் புதிது வாங்கி மாற்றினார். பிறகும் அதே கதைதான். மெஷினையே மாற்றிவிடலாமா?
(ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் ‘ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி சூடாகிறது’ என்ற ஒரு வாக்கியமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆறியிருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் கைவிடும் பாகம் ஒன்று உள்ளே இருக்கிறது. கேஸ் டிரையரில் அப்படி நடந்துகொள்ளும் பாகம் பெரும்பாலும் கேஸ் வால்வின் மேல் உட்கார்ந்திருக்கும் காயில்கள்தான்.

பர்னர் எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் இது எளிதில் விளங்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சுற்றத் தொடங்கும். அடுத்து பர்னர் குழாயின் பக்கத்தில் இருக்கும் இக்னைட்டருக்கு மின்சாரம் போகும். அது விரல் நீளமுள்ள சிறு பீங்கான் துண்டு மாதிரி இருக்கும். சில நொடிகளில் செக்கச்செவேலென்று கனன்று, பிறகு ஏறக்குறைய வெள்ளையாகத் தகிக்கும். அதன் எதிரே குழாயின் வெளிப்பக்கத்தில் ஒரு சென்சார் அந்தக் கனலைப் பார்த்துக்கொண்டிருக்கும். போதுமான வெப்பம் பட்டதும் சென்சாரின் உள்ளே இருக்கும் தொடர்பு திறந்துகொள்ளும். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். வால்வு திறந்து கேஸ் வந்து, ‘புஸ்’ என்று நீலச் சுவாலை பற்றும். இக்னைட்டர் உடனே அணைந்துவிடும், அதன் வேலை முடிந்தது. டிரம்மிலிருந்து வெளியேறும் காற்று குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் தெர்மோஸ்டாட் சுவாலையை நிறுத்தும். காற்று சற்று ஆறியதும் மறுபடி இதே வரிசை. துணி காயும்வரை இப்படி அணைந்து அணைந்து எரிவதுதான் இயல்பு.

அந்த வால்வுக்குள் கேஸ் வரும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் உண்டு. இரண்டும் திறந்தால்தான் கேஸ் பர்னருக்கு வரும். ஒன்று சிக்கிக்கொண்டாலும் மற்றது காக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கதவுகளை இழுத்துத் திறப்பவை காயில்களின் காந்தவிசை. காயிலுக்குள் மிக மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். பல வருடம் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்தக் கம்பியில் எங்கேயோ ஒரு மயிரிழை விரிசல் விழுகிறது. ஆறியிருக்கும்போது விரிசலின் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதல் தடவை சுவாலை ஒழுங்காகப் பற்றுகிறது. பர்னர் பக்கத்து வெப்பம் ஏறியதும் கம்பி விரிந்து முனைகள் விலகுகின்றன. தெர்மோஸ்டாட் சுவாலையை அணைத்துவிட்டு மறுபடி கேட்கும்போது காயில் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டுப் பத்து நிமிடக் கணக்கு இதுதான்.

இதை நீங்களே கண்ணால் உறுதிசெய்துகொள்ளலாம். சில மாடல்களில் முன்பக்கத்தின் அடியில் பர்னரைப் பார்ப்பதற்கென்றே சிறு ஓட்டை இருக்கும். சிலவற்றில் அடிப்பலகையைக் கழற்றினால் பர்னர் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, கையை உள்ளே நீட்டாமல் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். தளர்வான துப்பட்டா, முந்தானை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. சூடு நின்றுபோன பிறகு உங்கள் கண்ணுக்குப் படுவது கீழ்க்கண்ட நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. இக்னைட்டர் கனல்கிறது, அணைகிறது, சுவாலை வரவில்லை. ஒரு நிமிடம் போல ஆனதும் மறுபடி கனல்கிறது, மறுபடி சும்மா அணைகிறது. இது காயில் கோளாறு.

2. இக்னைட்டர் கனன்றுகொண்டே இருக்கிறது, அணைவதே இல்லை. இது சென்சார் கோளாறு. அதன் தொடர்பு திறக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

3. இக்னைட்டர் கனலவே இல்லை. இக்னைட்டர் உடைந்திருக்கலாம், அளவு மீறிச் சூடானால் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம், சென்சாரோ தெர்மோஸ்டாட்டோ திறந்தபடியே நின்றிருக்கலாம்.

4. சுவாலை வருகிறது, வந்த வேகத்தில் அணைகிறது. வெகுநேரம் கழித்து மறுபடி வருகிறது. இது பெரும்பாலும் காற்றோட்டத் தடை. இதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் முதலாவதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பழைய இக்னைட்டரும் கனன்றிருக்கும். கனலும் இக்னைட்டரை மாற்றி எந்தப் பலனும் இல்லை. கழற்றியதை எறிந்துவிடாதீர்கள், உடையாமல் இருந்தால் பின்னால் உதவும். ஆனால் கனலும் பகுதியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் சீக்கிரம் வெடித்துவிடும்.

காயில்களை இரண்டும் சேர்ந்த ஜோடியாகவே விற்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று தளர்ந்துவிட்டால் அதே வயதுள்ள மற்றதும் வெகுநாள் தாங்காது. புது டிரையர் விலையில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் ஆகும். பெரும்பாலான மாடல்களில் இதற்காகக் கேஸ் குழாயின் எந்த இணைப்பையும் கழற்ற வேண்டியதில்லை என்பது இன்னொரு நல்ல செய்தி. காயில் வால்வின் மேல் ஒரு தொப்பி போல உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்றும் முறை இது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவரோரம் இருக்கும் கேஸ் வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது. பர்னர் ஆறும்வரை காத்திருங்கள். காயில்களிலிருந்து வயர் பிளக்குகளை, வயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். மேலே ஒரு தகட்டுப் பட்டையை இரண்டு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்தால் காயில்கள் மேலே வந்துவிடும். ஒன்றுக்கு மூன்று முனை, மற்றதற்கு இரண்டு முனை. ஆகவே மாற்றிப் பொருத்திவிடும் பயமில்லை. புதியவற்றை உட்காரவைத்து, பட்டையை முடுக்கி, பிளக்குகளைச் செருகி, பலகையை மூடி, வால்வைத் திறந்து ஓடவிடுங்கள். இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தியிருந்தால் கேஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்துவிட்டே ஓட்ட வேண்டும். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் டெக்னீஷியனை அழைப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அப்படி அழைக்கும்போது, ‘இக்னைட்டர் கனல்கிறது, அணைகிறது, சுவாலை வரவில்லை, ஆறினால் மறுபடி பற்றுகிறது’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் கேட்டால் அவர் வரும்போதே சரியான பாகத்தோடு வருவார்.

கேள்வி: எனக்கும் இதே தொல்லை. மல்டிமீட்டர் வைத்து இரண்டு காயிலையும் அளந்தேன். ஓம் கணக்கு சரியாகவே இருக்கிறது. அப்படியானால் காயில் நல்லது என்றுதானே அர்த்தம்? வேறு எதைத் தேடுவது?
(ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: எப்போது அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரவு முழுக்க ஆறிய இயந்திரத்தில், காலையில் உட்கார்ந்து அளந்திருந்தால் மீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும். ஆறிய நிலையில் காயில் உண்மையிலேயே நல்லதாக இருக்கிறது. அதனால்தான் முதல் பத்து நிமிடம் சூடு வருகிறது.

அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலாக இருக்கும் ஒரு வகை வால்வில், மூன்று முனைக் காயிலின் 1, 2 முனைகளுக்கிடையே சுமார் 1,365 ஓம், 1, 3 முனைகளுக்கிடையே சுமார் 560 ஓம் இருக்க வேண்டும். இரண்டு முனைக் காயிலில் சுமார் 1,220 ஓம். மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் உங்கள் இயந்திரத்தின் உள்ளே மடித்துச் செருகியிருக்கும் டெக்னீஷியன் தாளைப் பாருங்கள். பல மாடல்களில் அப்படி ஒரு தாள் மேல்மூடிக்கோ அடிப்பலகைக்கோ பின்னால் இருக்கும்.

அளக்கும் நேரத்தை மாற்றுங்கள். டிரையரை ஓடவிட்டு, சூடு நின்று, இக்னைட்டர் வீணாகக் கனன்று அணைவதை இரண்டு தடவை பார்த்த பிறகு உடனே பிளக்கைப் பிடுங்கி, ஆறுவதற்குள் அளந்து பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது மீட்டரை நீட்ட வேண்டாம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். காயில் 50 டிகிரி கூடுதலாகச் சூடாகியிருந்தால் எண் இருபது சதவீதம் போலக் கூடியிருப்பது இயல்பு. அதற்கு மேல் தாவியிருந்தாலோ, மீட்டர் எல்லையில்லாத தடை என்று காட்டினாலோ காயில் போய்விட்டது.

சூடாக அளந்தும் எண் சரியாக இருந்தால்? கண்ணால் பார்த்த சாட்சியை நம்புங்கள். இக்னைட்டர் கனன்று அணைகிறது என்றால் சென்சார் தன் வேலையைச் செய்துவிட்டது. வீட்டு அடுப்பு ஒழுங்காக எரிகிறது என்றால் வீட்டுக்குக் கேஸ் வருகிறது. டிரையரின் பின்னாலிருக்கும் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் மிச்சமிருப்பது காயிலும் வால்வும்தான். விலை குறைந்த காயிலை முதலில் மாற்றுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வால்வையே மாற்ற வேண்டும். அதற்குக் கேஸ் இணைப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் அது தகுதி பெற்றவரின் வேலை.

கேள்வி: எங்கள் வீட்டில் லாண்ட்ரி அறை மாடியில் இருக்கிறது. டிரையர் மூன்று நான்கு நிமிடம் சூடாகி நின்றுவிடும். பிறகு தானாகவே மறுபடி சூடாகும், மறுபடி நிற்கும். இயந்திரத்தின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. ஜீன்ஸ் காய இரண்டு மணி நேரம் ஆகிறது. இதுவும் காயில்தானா?
(ஒரு வாசகர், பிளேனோ, டெக்சஸ்)

பதில்: உங்களுடையது வேறு. எடிசன் வாசகியின் வீட்டில் சூடு போனால் போனதுதான். உங்கள் வீட்டில் போய்ப் போய் வருகிறது. மேல்தகடு கொதிக்கிறது, துணியோ காயவில்லை. வெப்பம் உண்டாகிறது, ஆனால் வெளியேற வழியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. பர்னர் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் அளவுக்கு மீறிய சூட்டைக் கண்டு சுவாலையை நிறுத்திக்கொண்டே இருக்கிறது. அது தன் கடமையைச் செய்கிறது. அதை மாற்றிப் பயனில்லை.

டிரையரின் வேலையில் பாதி சூடு, பாதி காற்று. துவைத்துப் பிழிந்த ஒரு சராசரிச் சுமைத் துணியில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அது முழுவதும் ஆவியாகி, 4 அங்குலக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே போயாக வேண்டும். குழாய் அடைத்தால் ஈரக்காற்று டிரம்முக்குள்ளேயே சுற்றும், துணி புழுங்கும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டிரையரை ஓடவிட்டு, வீட்டுக்கு வெளியே குழாய் முடியும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் மூடுமடல்கள் காற்றின் வேகத்தில் நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும். கையை நீட்டினால் வெதுவெதுப்பான ஈரக்காற்று வலுவாக மோத வேண்டும். மடல் சோர்ந்து தொங்கினாலோ, மூச்சு விடுவது போல லேசாகக் காற்று வந்தாலோ அடைப்பு உறுதி. டெக்சஸில் பல வீடுகளில் குழாய் கூரை வழியாக முடியும். ஏணி வைத்து நீங்கள் ஏற வேண்டாம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

மாடி லாண்ட்ரியில் குழாயின் நீளமே எதிரியாகிவிடும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டுமான விதிகளின்படி இந்தக் குழாய் பொதுவாக 35 அடிக்கு மிகக் கூடாது. ஒவ்வொரு 90 டிகிரி வளைவுக்கும் அதில் 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று வளைவு இருந்தால் மிஞ்சுவது 20 அடிதான். தயாரிப்பாளரின் கையேடு தன் இயந்திரத்துக்கு வேறு நீளத்தை அனுமதித்தால் அதைப் பின்பற்றலாம். குழாய் உள்ளே வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும். துண்டுகளை இணைக்க உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ அடித்திருந்தால் ஒவ்வொரு ஸ்க்ரூ முனையிலும் பஞ்சு சிக்கி வளரும். வெளிமுனையில் பறவை வராமலிருக்க யாராவது கம்பிவலை கட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வலை பறவையைத் தடுக்குமுன் பஞ்சைத் தடுத்துவிடும். மடங்கும் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் இன்றே மாற்றுங்கள், அது தீயில் உருகும்.

ஒருமுறை ஒரு வீட்டில் டிரையரை முன்னால் இழுத்தேன். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. கழற்றித் தரையில் தட்டியதும் சாம்பல் நிறத்தில் ஒரு முழு உருளை நழுவி விழுந்தது. குழாயின் வடிவத்திலேயே, தலையணை போல மெத்தென்று. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை. ஐந்தாறு வருடம் அந்தக் குடும்பத்தின் துணியிலிருந்து உதிர்ந்த நூல் அத்தனையும் அங்கே இருந்தது. நெருப்பு எரியும் பெட்டியின் வாயிலில் அதை வைத்துக்கொண்டு அவர்கள் தூங்கியிருக்கிறார்கள்.

மிகைப்படுத்தவில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்தன. காரணங்களில் முதலிடம், 34 சதவீதம், சுத்தம் செய்யாமல் விட்டது. வருடத்துக்கு ஒருமுறை குழாய் முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். பெரிய குடும்பம் என்றால் இரண்டு முறை.

பஞ்சு வடிகட்டியையும் சோதித்துப் பாருங்கள். பஞ்சை வழித்துவிட்டு வலையைக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் சட்டென்று ஒழுகிப் போக வேண்டும். வலையின் மேல் தேங்கி நின்றால், மணத்துக்காகப் போடும் டிரையர் ஷீட்டின் மெழுகு அதில் படிந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், காற்று மட்டும் நுழையாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும், ஐந்து நிமிட வேலை. காயவைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் டிரையர் ‘ஆட்டோ’வில் போட்டால் இருபது நிமிடத்திலேயே முடிந்துவிட்டதென்று மணி அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் சட்டை காலர், பேன்ட் பாக்கெட் எல்லாம் ஈரம். நேரம் வைத்து ஓட்டினால் நன்றாகக் காய்கிறது.
(ஒரு வாசகி, நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: நேரம் வைத்தால் காய்கிறது என்பதால் பர்னரும் காற்றுப் பாதையும் நன்றாக இருக்கின்றன. துணி காய்ந்துவிட்டதா என்று இயந்திரம் தவறாகக் கணிக்கிறது. பஞ்சு வடிகட்டிக்கு அருகில், டிரம்மின் வாய்ப்பக்கம் இரண்டு சிறு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் ஒருசேரத் தொடும்போது அதன் வழியே மிகச் சிறு மின்சாரம் பாயும், ‘இன்னும் ஈரம்’ என்று இயந்திரம் அறியும். அதே டிரையர் ஷீட் மெழுகு பட்டைகள் மேல் படிந்தால் ஈரத்துணி பட்டாலும் மின்சாரம் பாயாது. சிறிது பஞ்சை ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கறுத்து வருவதைப் பார்ப்பீர்கள். இரண்டு மூன்று துணிகளை மட்டும் போட்டு ஆட்டோவில் ஓட்டுவதையும் தவிருங்கள். அவை பட்டையைத் தொடாமலே சுற்றிவிடும். மெல்லிய சட்டையோடு தடித்த ஜீன்ஸைச் சேர்த்துப் போட்டாலும் இதே ஏமாற்றம்தான்.

கேள்வி: எங்கட பேஸ்மென்டில இருக்கிற கேஸ் டிரையரில தெர்மல் ஃபியூஸ் ஒரு வருசத்துக்குள்ள ரெண்டு தரம் போட்டுது. கூட வேலை செய்யிற ஒருத்தர், “ஃபியூஸைக் கழட்டிப்போட்டு ரெண்டு வயரையும் நேர கொழுவி விடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது” எண்டு சொல்லுறார். செய்யலாமோ? காயில் மாத்துறதெண்டாலும் நானே செய்யலாமோ?
(ஒரு வாசகர், ஸ்கார்பரோ, ஒன்டாரியோ)

பதில்: தயவுசெய்து அந்த வயர்களைச் சேர்க்காதீர்கள். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஃபியூஸ் கடைசிக் காவல். ஒரு பரவலான மாடலில் வேலை செய்யும் தெர்மோஸ்டாட் சுமார் 68 டிகிரி செல்சியஸில் சுவாலையை நிறுத்தும். அது தவறி, வெளியேறும் காற்று ஏறக்குறைய 91 டிகிரியை எட்டினால் ஃபியூஸ் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும், திரும்பச் சேராது. அதைத் தாண்டி வயரை இணைத்துவிட்டால் அடுத்த தடவை நிறுத்துவதற்கு யாரும் இல்லை. சோதனைக்காக ‘ஒரே ஒரு நாள்’ என்று இணைத்துவிட்டு மறந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்தில் இரண்டு ஃபியூஸ் போனால் அது ஃபியூஸின் குற்றம் இல்லை. பிளேனோ வாசகருக்குச் சொன்ன காற்றுப் பாதையை முதலில் பாருங்கள். பேஸ்மென்டிலிருந்து மேலேறிப் போகும் குழாயில் ஈரமும் பஞ்சும் சேர்ந்து கட்டியாகிவிடும். பாதை சுத்தமாக இருந்தும் ஃபியூஸ் போனால், வேலை செய்யும் தெர்மோஸ்டாட் மூடியபடியே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஃபியூஸையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

நீங்களே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒன்டாரியோவில் கேஸ் சாதனங்களின் பழுதுபார்ப்பு, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையமான டிஎஸ்எஸ்ஏ-வின் சான்றிதழ் பெற்ற கேஸ் டெக்னீஷியனுக்குரிய வேலை. அமெரிக்காவிலும் மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் கேஸ் வேலைக்கு உரிமம் கட்டாயம். ஆகவே காயிலைச் சான்றிதழ் பெற்ற டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். வடிகட்டி கழுவுவது, வெளிமடலைப் பார்ப்பது, குழாய்ப் பஞ்சை எடுப்பது, இக்னைட்டர் என்ன செய்கிறது என்று கவனித்துச் சொல்வது ஆகியவை உங்கள் பங்கு. அந்தப் பங்குதான் பெரியது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். கேஸ் டிரையரின் வெளியேறும் காற்றில் எரிந்த புகையும் கலந்திருக்கிறது. குளிர்காலத்தில் அந்தச் சூடு வீணாகிறதே என்று குழாயை வீட்டுக்குள் திருப்பிவிடும் யோசனை சிலருக்கு வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கையறைகளுக்கு அருகில் கட்டாயம் இருக்கட்டும். மற்றது, கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போனையும் உள்ளே நின்று எடுக்காதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் நிறுவனத்துக்கோ 911-க்கோ அழையுங்கள்.

கேள்வி: இரண்டு சந்தேகங்கள். எங்கள் டிரையர் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் வெறும் காற்றில் சுற்றுகிறது. காயில் போக ஆரம்பித்துவிட்டதா? இன்னொன்று, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டுகளைத் துவைத்து டிரையரில் போட்டால் ஒரு சிக்கு வாடை வருகிறது. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். “அதை அதில் போடாதே” என்கிறார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
(ஒரு வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

பதில்: அம்மா சொல்வது சரி. காரணத்தை நான் சொல்கிறேன்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சமையல் எண்ணெய் போன்றவை ஒரு துவைப்பில் துணியிலிருந்து முழுவதும் போவதில்லை. நூலுக்குள் மிஞ்சும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது மெல்ல வெப்பத்தை வெளியிடும். நல்லெண்ணெய்க்கு இந்தக் குணம் தேங்காயெண்ணெயைவிட அதிகம். டிரையரின் சூடு இதை வேகப்படுத்தும். துண்டு விரிந்து கிடந்தால் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சூடாகக் குவித்து மடித்துவைத்தால் குவியலின் நடுவே வெப்பம் சேர்ந்துகொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளலாம். அதனால்தான் எண்ணெய் பட்ட துணியை டிரையரில் போடாதீர்கள் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன. உங்களுக்கு வரும் சிக்கு வாடை, எண்ணெய் இன்னும் துணியில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எண்ணெய்த் துண்டுகளைத் தனியாக, வெந்நீரில், கூடுதல் சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்துங்கள். சமையலறைத் துடைதுணிகளுக்கும் இதேதான்.

முதல் சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடம் சுவாலை இல்லாமல் சுற்றுவது கோளாறு இல்லை. துணி காய்ந்த பிறகு அதை ஆறவைப்பதற்காகவே அந்த நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. துணி கசங்காமல் இருக்கும், குவியலில் வெப்பம் தங்காமலும் இருக்கும். நேரமில்லை என்று அந்தப் பத்து நிமிடத்தை நிறுத்திச் சூடாக அள்ளிக் கூடையில் திணிக்காதீர்கள். துணி எடுக்கும்போது காய்ந்திருந்தால் உங்கள் டிரையர் நன்றாகவே இருக்கிறது, எந்தக் காயிலையும் வாங்க வேண்டாம்.

அம்மா இருக்கும்வரை வெயில் வரும் நாட்களில் ஒரு கொடி கட்டிக்கொடுங்கள். துண்டு அங்கேயே காயட்டும்.